சீமெந்துப் பேக்கில் தைத்த உறை

பழைய இசைத்தட்டொன்றை மறுபடி அச்சடித்து வெளியிடுபவர்கள் பாட்டைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார்கள் என்று எண்ணியிருந்தேன். கடந்த ஒன்பது மாதங்களாக என்னோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர் பாட்டைப் பற்றி மொத்தம் இரண்டு நாட்கள்தான் கதைத்திருப்பார். மற்ற நாட்களெல்லாம் உறையைப் பற்றியே கதை. எந்தக் கடதாசி, என்ன நிறம், முன்பக்கத்தில் என்ன படம், பின்பக்கத்தில் எத்தனை வரி, தட்டின் நடுவில் ஒட்டும் வட்டத்தில் என்ன எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

அவர் என்னிடம் சாதாரண தரம் வரை தமிழ் படித்தவர். முதலில் கட்டாருக்குப் போய், பிறகு எப்படியோ ஜேர்மனியில் கரை சேர்ந்தவர். அங்கே சிறியதொரு கம்பனி நடத்தும் ஒருவர் அவருக்குக் கூட்டாளியாகியிருக்கிறார். ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் மறக்கப்பட்ட பழைய பாடல்களைத் தேடிப் பிடித்து முந்நூறு, ஐந்நூறு பிரதிகள் வினைல் தட்டாக அடித்து விற்பது அந்த மனிதரின் தொழில். பேச்சுவாக்கில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் ஞாபகம் என் மாணவருக்கு வந்திருக்கிறது.

"சேர், ஒங்கட வாப்பாட பெட்டி இன்னும் இரிக்கா?" என்பதுதான் அவர் அனுப்பிய முதற் செய்தி.

பெட்டி இருந்தது. வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருடங்களாகியும் அதைத் தூக்கி எறிய உம்மா விடவில்லை.

வாப்பா ஏறாவூரில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவர். இரண்டு குழல் ஸ்பீக்கர், ஓர் அம்ப்ளிபயர், ஒரு தட்டுச் சுழற்றி, ஒரு பற்றரி. கலியாணம், சுன்னத்து வீடு, மீலாத் விழா, கந்தூரி, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் இந்தச் சாமான்கள் மாட்டு வண்டியில் போகும். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குத் தோணியில் ஏற்றிக்கொண்டு போன நாட்களும் உண்டாம். குழலை மரத்தில் கட்டி முதல் பாட்டைப் போட்டால் வாவியின் மறுகரையில் வலை இழுப்பவனுக்கும் கேட்கும் என்று வாப்பா சொல்வார். நான் பிறந்த காலத்தில் அந்தத் தொழில் கெசட்டுக்கு மாறிவிட்டது. தட்டுகள் சுழன்றதை நான் கண்டது சில தடவைகள்தான். பெட்டியை அடுக்கி வைத்திருந்த ஒழுங்கை மட்டும் நன்றாக அறிவேன். பெருநாளைக்கு முதல் நாள் அதைத் துடைத்து வைக்கும் வேலை என்னுடையது.

பெட்டியில் மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று இரண்டு பிரிவுகள். மேலே நாகூர் ஈ. எம். ஹனிபா, காயல் ஷேக் முகம்மது போன்றோரின் இஸ்லாமிய கீதங்கள். கீழே சினிமாப் பாடல்களும் திரைப்படக் கதைவசனத் தட்டுகளும். உறையில் கஃபாவின் படமோ பள்ளிவாசல் மினாராவோ இருந்தால் அது கீழே போகவே கூடாது. அத்தகைய உறையை நிலத்தில் வைத்தால் கையில் அடி விழும். உள்ளே இருக்கும் பாட்டு எதுவானாலும் ஓர் உறையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதை அந்த உறையில் உள்ள படமே எங்கள் வீட்டில் தீர்மானித்தது. உறை அழகுக்காக மட்டும் உள்ள சாமான் என்ற எண்ணம் எனக்கு இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உறைக்கென்று ஒரு வரலாறு உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய அரக்குத் தட்டுகள் பெரும்பாலும் மண்ணிறக் கடதாசிக் கூட்டில்தான் வந்தன. நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். தட்டின் பெயரை அதனூடாக வாசிக்க வேண்டும். கூட்டின் மேல் கம்பனியின் விளம்பரமும், ஊசியை அடிக்கடி மாற்றுங்கள் என்பது போன்ற புத்திமதியும் இருக்கும். பாட்டுக்கும் உறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எந்தத் தட்டையும் எந்தக் கூட்டிலும் போடலாம். அமெரிக்காவில் கொலம்பியா கம்பனியில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் 1940இல் ஓர் இசைத்தொகுப்புக்கென்றே தனியாகப் படம் அமைத்தார். அதன் பிறகுதான் உறை பாட்டின் முகமாக மாறத் தொடங்கியது. 1948இல் நீண்ட நேரத் தட்டும் அடுத்த ஆண்டு 45 சுற்றுச் சிறு தட்டும் வந்தன. 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் தங்கள் தட்டொன்றின் பின் உறையில் பாடல் வரிகள் முழுவதையும் அச்சிட்டார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் புலவர்களின் வரிகள் அச்சாகாவிட்டாலும் பரவாயில்லை, பெயராவது ஒழுங்காக அச்சாகியிருக்கலாம்.

தட்டுக் காலத்தில் பெயர் இருந்ததென்பதையும் சொல்ல வேண்டும். தட்டின் நடு வட்டத்தில் சின்ன எழுத்தில் பாடியவர், இயற்றியவர் என்று வரும். ஹனிபாவின் குரல் உலகத் தமிழர் வீடெல்லாம் போனதற்குப் புலவர் ஆபிதீன், ஆர். அப்துல் சலாம் போன்றவர்களின் பேனாவும் காரணம் என்று தெரிந்துகொள்ள அந்தச் சின்ன எழுத்து உதவியது. கெசட் வந்தபோது இந்த எழுத்துத்தான் முதலில் காணாமல் போனது. பல தட்டுகளிலிருந்து பொறுக்கி எடுத்த பன்னிரண்டு பாட்டுகளை ஒரு கெசட்டில் போட்டு, மேலே பாடகரின் படத்தை ஒட்டி, உள்ளே பாட்டுகளின் முதலடிகளை வரிசையாக அடித்தால் வேலை முடிந்தது. சீடியில் அதுவும் குறைந்தது. இப்போது கைத்தொலைபேசியில் வரும் பாட்டுக்கு உறையும் இல்லை, வட்டமும் இல்லை. 2015 ஏப்ரலில் ஹனிபா மௌத்தான போது எங்கள் பாடசாலையில் நடந்த சிறு நினைவுக் கூட்டத்தில், அவருடைய மிகப் பிரபலமான பாட்டை யார் எழுதினார் என்று உயர்தர மாணவர்களிடம் கேட்டேன். எல்லோரும் ஹனிபா என்றார்கள். ஓர் ஆசிரியரும் அப்படித்தான் சொன்னார்.

இனி ஜேர்மனிக்காரர் கேட்ட தட்டுக்கு வருகிறேன். அது இந்தியத் தட்டல்ல. 1970க்கும் 77க்கும் இடையில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் போலவே இந்தியத் தட்டுகளும் அருமையாகிவிட்டன. அதனால் உள்ளூர்க் கலைஞர்களுக்குக் கொஞ்சம் காற்று வீசியது. சிங்களத்திலும் தமிழிலும் பொப்பிசை கொடிகட்டிப் பறந்த காலம் அதுதான். சேலத்தில் பிறந்து இங்கு வந்து குடியேறிய மொஹிதீன் பேக் அவர்களின் பௌத்த பக்திப் பாடல்கள் ஒவ்வொரு வெசாக்கிலும் நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த நாட்டில், எங்கள் கிழக்கிலிருந்தும் சிலர் கொழும்புக்கு பஸ் ஏறினார்கள். அப்படிப் போன இளைஞர் ஒருவர் பாடிய நான்கு இஸ்லாமிய கீதங்கள் கொண்ட 45 சுற்றுத் தட்டுத்தான் வாப்பாவின் பெட்டியில் 37ஆம் இலக்கம். வெளியிட்ட கம்பனி இன்று இல்லை. மூலப் பதிவு நாடாவும் இல்லை. வேறு பிரதி எங்காவது இருக்கிறதா என்று என் மாணவர் உலகமெல்லாம் தேடிக் களைத்துவிட்டார்.

அந்தத் தட்டுக்கு அதன் சொந்த உறை கிடையாது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. பெட்டியின் மேல் வளை விழுந்து 78 சுற்றுத் தட்டுகள் எல்லாம் பிட்டு மாதிரி நொறுங்கின. அரக்குத் தட்டு கண்ணாடியைப் போன்றது. வினைல் தட்டுகள் உடையவில்லை. தண்ணீர் அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் உறைகள் ஊறிக் கூழாகிவிட்டன. மழை விட்டதும் வாப்பா தட்டுகளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, வேலியில் மீன் காயப் போடுவது போல நிழலில் நிறுத்தி வைத்தாராம்.

பிறகு வீடு திருத்தச் சீமெந்து வந்தது. அந்தக் காலத்துச் சீமெந்துப் பேக் பல அடுக்குக் கடதாசி. உள் அடுக்குகள் சுத்தமாக, தடிப்பாக இருக்கும்.

"அத ஒங்கட வாப்பாதான் தட்டித் தட்டிக் கழுவினார் மகன். நான் மெசின்ல தச்சன். பாட்டுத் தட்டுக்குச் சட்டை தக்கிற பொம்புள ஊருல நான் ஒருத்திதான் எண்டு மாமி சிரிச்சா" என்று உம்மா இப்போதும் சொல்வார்.

மூன்று பக்கமும் நீல நூல் தையல். உள்ளே கீறல் விழாமலிருக்க எக்ஸ்ரே படத்தை மூடி வரும் மெல்லிய தாள். வெளியே வாப்பாவின் கையெழுத்தில், சிவப்பு மையில், 'இஸ்லாமிய கீதம் 37'. அறுபதுக்கு மேற்பட்ட உறைகள். சீமெந்துக் கம்பனியின் முத்திரையில் பாதி ஒன்றில் வந்திருக்கும், மறுபாதி வேறொன்றில்.

இந்த உறையின் படத்தை அனுப்பிய மறுநாளே ஜேர்மனியிலிருந்து மூன்று மாதிரிகள் வந்தன. முதலாவதில் வாவி, ஒரு தோணி, சூரியன் மறைகிறது. இரண்டாவதில் அரபு எழுத்தணியில் ஒரு திருவசனம், பச்சைப் பின்னணி. மூன்றாவதில் உம்மா தைத்த உறை அப்படியே, நீலத் தையலும் கறையும் தெரிய, மண்ணிறக் கடதாசியில்.

முதலாவதை நான் பார்த்தவுடனே ஒதுக்கினேன். எங்களைப் பற்றி எதை வெளியிட்டாலும் ஒரு தோணியோ பாடும் மீனோ இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. பாட்டில் வாவியும் இல்லை, தோணியும் இல்லை.

இரண்டாவது பற்றி நீளமாக எழுதினேன். வேதவசனம் அச்சிட்ட உறை எங்கேயெல்லாம் போகும்? பழைய சாமான் சந்தையில் நிலத்தில் கிடக்கும். மதுக்கடையில் சுழலும் தட்டின் பக்கத்தில் கிடக்கும். கிழிந்தால் குப்பைக்குப் போகும். வாங்குபவருக்கு அது வெறும் அழகான கோடு, எங்களுக்கு அப்படியல்ல. என் மாணவர் இதை உடனே விளங்கிக்கொண்டார். ஜேர்மனிக்காரரும் விளங்கிக்கொண்டார் என்பதுதான் எனக்கு வியப்பு. இந்த மாதிரிப் பேச்சு இசைத்தட்டு பிறந்த நாளிலிருந்தே நடக்கிறது. ஒலிப்பதிவுக் கருவியில் குர்ஆன் ஓதலாமா என்பது பற்றி 1899இலேயே பத்தாவியாவில் செய்யித் உதுமான் என்ற ஆலிம் எழுதியிருக்கிறார். அறுபது ஆண்டுகளுக்குப் பின் 1961இல் எகிப்தில் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் முழுக் குர்ஆன் ஓதல் தட்டுகளாகவே வெளிவந்தது. சாதனத்துக்குச் சம்மதித்த பிறகும் அதை எப்படிப் பொதிவது, எங்கே வைப்பது என்ற கேள்வி மிஞ்சித்தான் இருக்கிறது.

எச். எம். வி. தட்டிலுள்ள நாயை மறந்துவிட்டேன். பிரான்சிஸ் பரோட் என்ற ஆங்கில ஓவியர் வரைந்த படம் அது. கிராமபோன் கம்பனி 1899இல் அதை விலைக்கு வாங்கியது. அதற்கு முன் அந்தக் கம்பனிக்கு இறகால் எழுதும் ஒரு வானவரின் படந்தான் சின்னம். வானவரை அனுப்பிவிட்டு நாயைக் கொண்டு வந்திருக்கிறார்கள்! நபிபுகழ்ப் பாட்டின் மேல் நாய் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு கலியாண வீட்டில் பெரியவரொருவர் முகம் சுளித்தாராம். அன்றிலிருந்து வாப்பா தன் இலக்கத் துண்டுகளை நாயின் மேலேயே ஒட்டத் தொடங்கினார். வெள்ளைக் கடதாசியை வட்டமாக வெட்டி, கோதுமைமாப் பசையால் ஒட்டி, மேலே இலக்கம். இருட்டில் லாம்பு வெளிச்சத்தில் தட்டைத் தேடுவதற்கும் அது வசதி.

மூன்றாவது மாதிரியைப் பார்த்து உம்மா அழுதார். பிறகு, "என்ட தையல் கோணலாத் தெரியிது, அத நேராக்கச் சொல்லு மகன்" என்றார். ஜேர்மனிக்காரருக்கோ அந்தக் கோணல்தான் வேண்டும். இப்போது பழைய தட்டு வெளியிடுவோரிடையே இது ஒரு மோகம். பழுதையே அழகாகக் காட்டுவது, புத்தம்புதிய உறையில் பழைய தட்டின் வட்டத் தேய்மானத்தை அச்சடிப்பது, கறையைக் கூடப் படமெடுத்துப் போடுவது. நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். 1920களில் பக்தாதில் பதிவான பாடல்களை இலண்டனிலுள்ள ஒனெஸ்ட் ஜோன்ஸ் நிறுவனம் 2008இல் தொகுத்து வெளியிட்டது. ஒரு நகரத்தின் மறந்துபோன குரல்கள் அதனால் மீண்டன. எங்கள் நாட்டுச் சிங்கள, தமிழ்ப் பொப் பாடல்களும் பிரான்ஸில் அவ்வாறு தட்டாகியிருக்கின்றன. பழுதைக் காட்டுவதில் எனக்குப் பெரிய வழக்கில்லை. சூறாவளி பொய்யா, தையல் பொய்யா? எங்கள் வீட்டு உறையின் பழுது உண்மையாகப் பட்ட பழுது. ஆனால் அந்த உறையை முன்பக்கத்தில் போட்டால் வாங்குபவர் வாப்பாவின் கதையைத்தான் வாங்குவார். பாட்டு வாப்பாவுடையதல்ல.

யாருடையது என்பதில்தான் சிக்கல் வந்தது. மூன்று மாதிரிகளின் பின்பக்கத்திலும் இயற்றியவர் என்ற இடத்தில் 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டிருந்தார்கள். பாடியவரின் பெயர் தட்டின் வட்டத்தில் தெளிவாக இருக்கிறது. இயற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வாப்பாவின் இலக்கத் துண்டு. கொழும்புத் தட்டில் நாய் இல்லை. மேல் பாதியில் கம்பனியின் பெயர் அழகாக இருந்தது, அதை மறைக்க மனமில்லாமல் கீழே ஒட்டியிருக்கிறார். மறுபக்கத்திலும் அப்படியே.

"பாரம்பரியம் எண்டு போட்டா பிரச்சினையில்ல சேர். யாரும் கேட்டு வர மாட்டாங்க" என்றார் என் மாணவர்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒருவரின் எழுத்துரிமை அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை இருக்கிறது. பாரம்பரியம் என்ற ஒரு சொல் அந்த உரிமையை ஒரே வீச்சில் துடைத்துவிடும். அதைவிட, அந்தப் பாட்டுகள் எதுகை மோனை தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதியவை. பாரம்பரியம் அப்படி எழுதாது. துண்டை நீக்கிப் பார்க்கிறேன் என்றேன். ஜேர்மனிக்காரர் வேண்டாமென்று அவசரமாகச் செய்தி அனுப்பினார். வட்டத்தையும் அந்தத் துண்டோடு சேர்த்து அப்படியே மறுஅச்சிட அவர் திட்டமிட்டிருந்தார். 37 என்ற இலக்கம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். வேண்டுமானால் முதலில் நல்ல படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மட்டக்களப்பில் ஒரு ஸ்டூடியோக்காரரைக் கொண்டு இருபக்கமும் படமெடுத்து அனுப்பிவிட்டே வேலையைத் தொடங்கினேன்.

தட்டின் வட்டத்தைப் பசையால் ஒட்டுவதில்லை. தட்டை அச்சில் அழுத்தும்போதே சூட்டோடு சேர்த்துப் பதித்துவிடுகிறார்கள். அதனால் வட்டம் இலகுவில் உரியாது. கோதுமைப் பசை தண்ணீருக்கு இளகும். ஈரப் பஞ்சை வைத்து அரை மணித்தியாலம் பொறுத்து, உம்மாவின் நகத்தால் நீக்கினோம். துண்டு முழுதாக வந்தது. அடியில் கறுப்பு மை கொஞ்சமும் மங்காமல் இருந்தது. நாற்பது வருடங்களாக வெளிச்சம் படாததால் மற்ற எழுத்துக்களைவிட அது புதிதாகவே தெரிந்தது.

பெயரை நான் அறிவேன். படுவான்கரைச் சிற்றூரொன்றில் ஆசிரியராக இருந்தவர். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நான் படித்த காலத்தில் அவரைப் பற்றி ஒரு விரிவுரையாளர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் பாட்டெழுதுவார் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. 1990இல் அந்த ஊர் மக்கள் முழுவதும் உடுத்த உடுப்போடு வெளியேறினார்கள். அந்த வருட ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவருடைய கொப்பிகள், கடிதங்கள், பத்திரிகைத் துண்டுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் மௌத்தாகி நீண்ட காலம். மகள் எங்கள் ஊரில் மூன்று ஒழுங்கைகள் தள்ளித்தான் குடியிருக்கிறார்.

தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். போட்டுக் காட்டக் கருவி இல்லை. என் மாணவர் அனுப்பிய பதிவைத் தொலைபேசியில் கேட்க வைத்தேன். அவர் பாட்டை அதிகம் கவனிக்கவில்லை. வட்டத்திலிருந்த பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். வாப்பாவின் பெயர் அச்சில் இருப்பதை அவர் காண்பது அதுதான் முதல் தடவையாம். ஓர் இறப்புச் சான்றிதழ் மட்டுமே இதுவரை தங்களிடம் இருந்தது என்றார். பெயர் முதலில் தட்டிலேயே வரட்டும், பிறகு எங்கே வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே நான் அதை எழுதவில்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார். "பேருக்குப் பக்கத்தில ஊர்ப் பேரையும் போடேலுமா?"

இதில் நியாயமான தடையொன்று இருந்தது. மூலத் தட்டின் வட்டத்தில் ஊர்ப் பெயர் இல்லை. இல்லாததைச் சேர்த்தால் அது மறுபதிப்பாகாது என்றார் ஜேர்மனிக்காரர். அவர் சொல்வதில் பிழையில்லை. அதனால் வட்டம் மூலத்தில் இருந்தபடியே, இலக்கத் துண்டு இல்லாமல் வரும். முன் உறையில் பாடியவர் பெயரும் இயற்றியவர் பெயரும் தமிழில் பெரிய எழுத்தில், படம் எதுவும் இல்லாமல். பின் உறையில் இயற்றியவரின் ஊர். உம்மாவின் உறை உள்ளே ஒரு மடிப்புத் தாளில் சிறு படமாக வரும், தையல் கோணலாகவே. துண்டும் அதில் இருக்கும். படமில்லாத முன் உறை விற்காது என்று ஜேர்மனிக்காரருக்குப் பயம். பீட்டில்ஸின் வெறும் வெள்ளை உறை 1968இல் விற்கவில்லையா என்று கேட்டு எழுதினேன். அவர்கள் பீட்டில்ஸ் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

கடைசியாக, இந்தத் தட்டு இங்கும் சில வீடுகளுக்கு வரும் என்பதால் சில சில்லறை விசயங்களையும் கேட்டிருக்கிறேன். உள் உறை வெறும் கடதாசியாக இருக்கக் கூடாது. எங்கள் வாவிக் காற்றின் ஈரத்தில் கடதாசி பூஞ்சணம் பிடித்து அது தட்டுக்கும் ஏறும். பொலித்தீன் வேண்டும். வெளியே மினுங்கும் பீ. வி. சி. உறையும் வேண்டாம். வெக்கையில் அது தட்டோடு பிணைந்து மங்கல் போட்டுவிடும். சுருக்கிப் பொதிந்த மெல்லிய கண்ணாடித்தாளை வாங்கியவுடன் கிழித்துவிடச் சொல்லி ஒரு வரி போட வேண்டும். தகரக் கூரையின் கீழ் அது இறுகித் தட்டை வளைத்துவிடும்.

சென்ற வாரம் பின் உறையின் அச்சுப் படிவம் வந்தது. பெயர் சரியாக இருந்தது. ஊரின் பெயரில் மட்டும் கொம்பு ஒரு பக்கமும் காலொன்று இன்னொரு பக்கமுமாக எழுத்தைவிட்டு விலகி நின்றன. அங்குள்ள கணினிக்குத் தமிழ் பிடிபடவில்லை போலும். தாளில் கையால் பெரிதாக எழுதி, படமெடுத்து, இப்படித்தான் வர வேண்டுமென்று அனுப்பியிருக்கிறேன். திருத்திய படிவம் இன்னும் வரவில்லை. மகள் இரண்டு தடவை ஆளனுப்பிக் கேட்டுவிட்டார்.